ஏலக்காயும் கலாசாலையும்

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலையில் விளைவதும் ஏலம். அதை விலை கூறி விற்பதும் ஏலம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் வியாபாரம் நடத்துவது எங்கள் ஊராரின் சாமர்த்தியம்.

ஏலக்காய் வாங்குகிறவரை நேயர்கள் பார்த்திருக்கிறீர்களா? இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மூலமாகவே ஏலம் நடக்கிறது. ஆனாலும் அதற்கு முன்பே ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுத்த மாதிரி அவர் கைக்கு வந்துவிடும். மூட்டையை எவ்வளவு அழகாகத் தைத்திருக்கிறார்கள் என்று அவர் பார்ப்பதில்லை. காயின் நிறத்தைப் பார்ப்பார், பருமனைப் பார்ப்பார், ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்று விசாரிப்பார். கடைசியில் ஒரு காயை நகத்தால் பிளந்து, உள்ளே அரிசி கறுத்து முற்றியிருக்கிறதா என்று நோக்குவார். அதற்குப் பிறகுதான் விலை.

இத்தனை கெட்டிக்காரர்கள் வாழும் ஊரில், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானவுடன் நடக்கும் காட்சியைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஒரு மூட்டைக் காயை வாங்க ஆறு முறை புரட்டிப் பார்க்கிற மனிதர், பெற்ற பிள்ளையின் நான்கு வருஷங்களையும் தம்முடைய ஆயுட்காலச் சேமிப்பையும் ஒரு வர்ண நோட்டீஸை நம்பித் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்!

சென்ற வருஷக் கோடையில் ஒரு நாள் மாலை, விளக்கு வைக்கும் நேரம். என் வீட்டு வாசலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். தாய், விடியற்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டின் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து, மலைத் தோட்டத்தில் காயெடுத்துவிட்டு இருட்டும் வேளையில் இறங்குகிறவர். செடியின் அடியில் தரையோடு தரையாக ஓடும் சரங்களில், முற்றிய காயை மட்டும் குனிந்து தேடிப் பறிக்கும் வேலை அது. மகள் எங்கள் பள்ளிக்கூடத்து மாணவி. பரீட்சையில் நன்றாகவே தேறியிருந்தாள்.

“ஐயா, இந்தப் பிள்ளைக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு. நாளைக்குள்ள பத்தாயிரம் கட்டணுமாம். கட்டலைன்னா இடம் போயிருமாம். கட்டிறலாமா?”

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் நீரூற்று. ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று கொட்டை எழுத்து. எந்தச் சர்வகலாசாலையோடு இணைந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. “மொத்தம் நாலு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், அம்மா?” என்று கேட்டேன். தாய் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

உடனே ஏதாவது யோசனை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன், கணிதத்தில் சூரனான ஒரு மாணவன் இதே வாசலில் நின்றான். வெகு தூரத்தில், பெரிய பெயர் பெற்ற ஒரு தனியார் என்ஜினீயரிங் கலாசாலையின் பெயரைச் சொன்னான். “யோசிக்காதே, சேர்ந்துவிடு!” என்றேன் நான். முதல் வருஷக் கட்டணத்துக்கு அவன் தாயாரின் நகைகள் அடகுக்குப் போயின. இரண்டாம் வருஷத்துக்கு அடகு வைக்க ஒன்றும் இருக்கவில்லை. பையன் திரும்பி வந்துவிட்டான். இன்று அவன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறான். அவன் வண்டியில் ஏறினால் என்னிடம் காசு வாங்கமாட்டான். “நீங்க சொன்னது நல்ல காலேஜ்தான், சார். எங்களுக்குத்தான் கட்டுப்படியாகலை” என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாயிருக்கும்.

கலாசாலையின் பெயரைப் பற்றி யோசித்த நான், அதைப் படித்து முடிக்க முடியுமா என்று யோசிக்கவில்லை. பாதியில் விட்ட படிப்பு எவ்வளவு பெரிய கலாசாலையில் விட்டதாயிருந்தால் என்ன? ஆகையால் அன்று மாலை அந்தத் தாயிடம், “நாளைக்குப் பணம் கட்டவேண்டாம், அம்மா. காயைப் பிளந்து பார்த்துவிட்டுக் கட்டுவோம்” என்றேன். அந்த அம்மாளுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

காயைப் பிளந்து பார்ப்பது எப்படி?

முதலாவது, அங்கீகாரம். கலாசாலை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. என்ஜினீயரிங் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம். கலை, விஞ்ஞானப் படிப்பு என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவும் இணைந்திருக்கும் சர்வகலாசாலையும். நர்ஸிங் என்றால் மாநில நர்ஸிங் கவுன்ஸில். சட்டம் என்றால் பார் கவுன்ஸில். இவை ஒவ்வொன்றும் தத்தம் இணையதளத்தில் பட்டியல் வெளியிடுகின்றன. கலாசாலையின் பெயர் மட்டுமல்ல, நாம் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயரும் பட்டியலில் இருக்கவேண்டும். ‘தன்னாட்சி’ என்ற சொல்லைக் கண்டும் மயங்க வேண்டாம். பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் கலாசாலையே வகுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். பட்டம் சர்வகலாசாலையின் பெயரால்தான் வரும்.

இரண்டாவது, மொத்தச் செலவு. முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் சொல்லுகிறவரை நம்பக்கூடாது. படிப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பஸ், புஸ்தகம், சீருடை, ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, மூன்றாலோ நான்காலோ பெருக்குங்கள். அந்தத் தொகையைக் கண்டு இரவு தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். பாங்கில் கடன் வாங்கலாம். வாங்குவதில் இழிவு இல்லை. ஆனால் படிக்கும் காலத்தில் தவணைதான் நிற்குமே ஒழிய வட்டி நிற்பதில்லை. இதைப் பிள்ளைக்கும் சொல்லி வைக்கவேண்டும்.

அரசாங்கம் தரும் சகாயங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்தது. என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளுக்கு 2021-ல் அது விரிவாயிற்று. இதன் மூலம் இடம் பெறுகிறவர்களுடைய படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அந்த வருஷமே அறிவிப்பு வெளியாயிற்று. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி கற்கும்போது மாதம் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது; பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. இவற்றையெல்லாம் அறியாமல் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன்.

மூன்றாவது, நேரில் போய்ப் பார்ப்பது. திறப்பு விழா நாளில் அல்ல, சாதாரண வேலை நாளில் போகவேண்டும். நீரூற்றைப் பார்க்கவேண்டாம், புஸ்தகசாலையைப் பாருங்கள். அலமாரி பூட்டியிருக்கிறதா, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்களா? ஆய்வுக்கூடத்துக் கருவிகளில் தூசி படிந்திருக்கிறதா, கைபட்ட மினுமினுப்பு இருக்கிறதா? காரியாலயத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பிறகு வெளியே டீக்கடையில் நிற்கும் இரண்டாம் வருஷ மாணவனைக் கேளுங்கள். “வாத்தியார்கள் வகுப்புக்கு வருகிறார்களா? நடுவருஷத்தில் மாறிப் போய்விடுகிறார்களா? உன் தம்பியை இங்கே சேர்ப்பாயா?” என்று கேட்டால் போதும். கடைசிக் கேள்விக்கு அவன் எவ்வளவு நேரம் யோசிக்கிறான் என்பதே பதில்.

நான்காவது, தூரம். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் மேல்படிப்பு என்றால் மதுரைதான். 1881-ல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரியும், 1889-ல் தோன்றிய மதுரைக் கல்லூரியும் அங்கே இருந்தன. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். அகலப்பாதை போடுவதற்காக 2010-ன் கடைசியில் நின்றுபோன அந்த ரயில், 2023 ஜூன் மாதத்தில் மறுபடியும் போடி வரை வந்து சேர்ந்தது. இதற்குள் கலாசாலைகளே எங்களைத் தேடி வந்துவிட்டன. ஏலக்காய் விவசாயிகள் சங்கமே ஒரு கல்லூரியைப் போடியில் நிறுவியது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. தேனி மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது. போடியிலேயே 2012-ல் அரசு என்ஜினீயரிங் கல்லூரி திறந்தார்கள். ஆயினும், ‘உள்ளூர் மாடு விலைபோகாது’ என்ற பழமொழிக்குப் பயந்து இவற்றை எட்டிப் பார்க்காமலே தூர தேசத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்திலுள்ளது சிறந்ததாயிருந்தால் தாராளமாக அனுப்புங்கள், பெண்ணாயிருந்தாலும் அனுப்புங்கள். தூரமே சிறப்பு என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

என்ஜினீயரிங் கலந்தாய்வுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடுகிறார்கள். விருப்பப் பட்டியலில் எத்தனை கலாசாலைகளை வேண்டுமானாலும் எழுதலாம். வரிசைதான் முக்கியம். உண்மையில் எதை மிகவும் விரும்புகிறோமோ அதையே முதலில் எழுதவேண்டும். ‘இது கிடைக்காது’ என்று பயந்து, சுமாரானதை மேலே எழுதினால், அந்தச் சுமாரானதே கிடைக்கும்! பட்டியலைத் தரகரிடமோ கம்ப்யூட்டர் கடைக்காரரிடமோ ஒப்படைக்காமல், பிள்ளையே தன் கையால் பூர்த்தி செய்யவேண்டும். ரகசியச் சொல்லையும் பிள்ளையே வைத்துக்கொள்ளவேண்டும்.

இனி அந்தத் தாய்க்கும் மகளுக்கும் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். மறுநாள் தரகரிடம் அந்தப் பெண், “எந்தச் சர்வகலாசாலை பட்டம் தரும்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அதெல்லாம் சேர்ந்தபிறகு சொல்வாங்க” என்றாராம். பத்தாயிரம் பிழைத்தது.

பிறகு உள்ளூரிலேயே என்ஜினீயரிங் படிக்கச் சொல்லி நான் யோசனை கூறினேன். அவள் இசையவில்லை. சில வருஷங்களுக்கு முன் தோட்டத்தில் தாயார் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது, மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரி சேர்ப்பதற்குள் பட்ட பாட்டை அவள் பார்த்திருக்கிறாள். “நர்ஸ்தான், சார்” என்றாள். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டேன். அரசாங்கக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது.

ஆனால், சேர்ந்துவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணவேண்டாம். மூன்றாவது வாரம் டெலிபோன் வந்தது. அழுகை. பாடம் எல்லாம் இங்கிலீஷில் நடக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை, திரும்பி வந்துவிடுகிறேன் என்றாள். தமிழில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு வரும் கண்டம் இது. அறிவுக் குறைவல்ல, பாஷைப் பழக்கக் குறைவு. “முதல் வரிசையில் உட்கார். தினம் பத்துச் சொற்களை நோட்டில் எழுதி, பொருளைத் தமிழில் எழுது. விளங்காததை அன்றைக்கே ஆசிரியரிடம் கேள். பிறர் சிரித்தால் சிரிக்கட்டும். தீபாவளி வரையில் திரும்பி வருவதைப் பற்றிப் பேசாதே” என்றேன்.

கலாசாலையில் சேருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்னும் இரண்டொன்று சொல்லவேண்டும். ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த தடவையே எழுதித் தீர்த்துவிடுங்கள். பாக்கி வைத்த பாடம் கந்துவட்டி போல் வளரும். உங்களைவிட ஊக்கமாய்ப் படிக்கும் ஒரு நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள். மூத்த மாணவர்கள் துன்புறுத்தினால் பொறுத்துக்கொள்ளவேண்டாம். பகடிவதை குற்றம்; 2009-ம் வருஷத்து மானியக் குழு விதிகள் அதைத் தடுக்கும் பொறுப்பைக் கலாசாலைத் தலைவர்மேல் சுமத்துகின்றன. கட்டணம் கட்டக் கஷ்டம் வந்தால், நாள் கடந்தபின் மறைந்து திரிவதைவிட, முன்கூட்டியே முதல்வரையும் பாங்கையும் பள்ளிக்கூடத்துப் பழைய வாத்தியாரையும் பாருங்கள். ஜீப் ஓட்டும் என் மாணவன் அன்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்பதற்கு நானும் போகவில்லை.

தீபாவளிக்கு அந்தப் பெண் ஊருக்கு வந்தாள். போடிமெட்டு ஜீப்பில் என் பழைய மாணவன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, பின்னால் தாயும் மகளும் ஏறினார்கள். தாயாரின் கால் வலிக்கு எந்த எலும்பு காரணம் என்று மகள் விளக்கிக்கொண்டு வந்தாள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். தாய்க்கு ஒன்றும் புரிந்திராது. ஆனால் ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஜீப்பை ஓட்டியவனும் கேட்டுக்கொண்டுதான் வந்தான். “என் மகள் ஒன்பதாவது படிக்கிறா, சார். கணக்கு நல்லா வருது. இன்னும் மூணு வருஷம் இருக்கு, இப்பவே உங்ககிட்ட சொல்லி வச்சிடறேன்” என்றான்.

இந்தத் தடவை நான் முதலில் கேட்கப்போவது, “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்பதுதான்.