புளியங்கொட்டையும் பொருட்கணக்கும்

சிக்கனமும் சேமிப்பும் கூட்டுறவின் இரு கண்கள் என்று பேரவைக் கூட்டங்களில் நாம் பலமுறை பேசியும் கேட்டும் இருக்கின்றோம். ஆனால் அவற்றை எந்த வயதில் கற்பது என்பதைப் பற்றி நாம் அதிகம் எண்ணுவதில்லை. சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்ந்த பின்னர்க் கற்றால் போதும் என்று கருதுவோர் உளர். சங்கக் கணக்குகளை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில் நாம் காண்பது வேறு. கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவோரில் பலர், தாம் திருப்பிச் செலுத்த வேண்டியதில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று வினவுவதே இல்லை. இதற்கு எழுத்தறியாமை மட்டும் காரணமன்று. படித்தவரும் அவ்வாறே செய்கின்றனர். பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கம் இளமையில் அமையாமையே பெருங்காரணம்.

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் வரவு மொத்தமாக வரும். செலவோ நாள்தோறும் சில்லறையாகச் செல்லும். கூலி நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே உள்ள நாட்களைக் கடத்துவதே குடும்பத்தின் திறமை. இத்திறமையைக் குழந்தைகள் காண்பதில்லை. பற்றாக்குறையால் எழும் சச்சரவை மட்டுமே அவர்கள் கேட்கின்றனர். முன்பணத்திற்காகப் பெற்றோர் தம் மக்களின் உழைப்பையே அடகு வைத்த காலமும் நம் நாட்டில் இருந்தது. அதனைத் தடுக்க 1933ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கணக்கு அறியாத குடும்பத்தில் கடனின் சுமை இறுதியில் இளந்தோள்களின்மீதே விழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஐந்து வயதுக் குழந்தைக்கு வட்டியைச் சொல்லி விளக்க முடியாது. விளையாடிக் காட்ட முடியும். இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டா. ஒரு படி புளியங்கொட்டை, நான்கைந்து கொட்டாங்கச்சி, சில துண்டுக் காகிதம் ஆகியவை போதும். மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் விதைகளை வாயிலிட்டு விழுங்கக்கூடுமாதலின், அவர்களைத் தள்ளி வைத்தல் நலம்.

கடை விளையாட்டு

மணலை அரிசியாகவும் இலையைக் காய்கறியாகவும் கொண்டு கடை வைத்து விளையாடுவது நம் சிறுவர்க்குப் புதிதன்று. அதில் இரண்டு விதிகளை மட்டும் சேர்ப்போம். ஒவ்வொரு குழந்தைக்கும் 20 விதைகளே தரப்படும். தீர்ந்த பின் மேலும் தருதல் கூடாது. பொருள்களின் விலையை முன்னரே முடிவு செய்து எல்லோரும் அறியச் சொல்லுதல் வேண்டும். பம்பரம் 12 விதை, பலகாரம் 5 விதை, எழுதுகோல் 8 விதை எனில், மூன்றையும் வாங்க 25 விதைகள் வேண்டும். கையிலிருப்பது 20. எதனை விடுவது? குழந்தை சற்று நேரம் நின்று எண்ணும். அவ்வாறு நிற்பதே முதற்பாடம். அப்போது பெரியவர்கள் குறுக்கிட்டு, "இதை வாங்கு" எனக் கூறலாகாது.

மழைச் சீட்டு

இரண்டாவது விளையாட்டு ஏழு வயதிற்கு மேற்பட்டோர்க்கு உரியது. ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரமாகும். வாரக் கூலி 25 விதை. வீட்டுச் செலவுக்கு 18 விதைகளைக் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். எஞ்சிய ஏழில் 2 விதைகளைக் கொட்டாங்கச்சியில் சேமிப்போர்க்குத் தாய் 1 விதை சேர்த்துத் தருவாள். மீதி 5 விதைகள் விருப்பச் செலவுக்கு.

முதல் இரண்டு சுற்றுகள் இவ்வாறு செல்லும். மூன்றாம் சுற்றிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எடுத்தல் வேண்டும். ஆறு சீட்டுகளில் நான்கில் "தறி ஓடிற்று" என்றும், இரண்டில் "மழை" என்றும் எழுதியிருக்கும். மழை பெய்தால் தெருவில் பாவு விரிக்க இயலாது, குழித்தறியில் நீர் ஊறும், கூலி இல்லை. ஆயினும் கஞ்சிக்கு 5 விதை வேண்டும். உழவர் வீட்டில் "விளைச்சல்", "வறட்சி" என்று எழுதிக்கொள்ளலாம். இரு சுற்றும் சேமித்தவரிடம் 6 விதைகள் இருக்கும். கஞ்சிக்குக் கொடுத்தபின் ஒன்று மிஞ்சும். சேமியாதவர் கடன் கேட்க வேண்டும்.

இரண்டும் ஒன்றும் என்ற கணக்கு நாம் கற்பனையாக வகுத்ததன்று. தமிழ்நாட்டுக் கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில், கூலியில் ரூபாய்க்கு 8 காசு அங்கத்தினர் செலுத்த, 4 காசு அரசு சேர்க்கின்றது. 25 விதைக்கு 2, அதனோடு 1 என்பது அதே விகிதமேயாகும். தந்தையின் சேமிப்புக் கணக்கு இன்னதெனக் குழந்தை இவ்விளையாட்டால் உணரும்.

கடனும் சங்கமும்

கடன் கேட்கும் குழந்தைக்கு முதல் நாள் தாயே கடன் கொடுப்பாள்: 5 விதை பெற்றவர் அடுத்த கூலியில் 6 விதை திருப்ப வேண்டும். சிறுவர்க்கு எளிதில் விளங்குவதற்காகவே வட்டியை இவ்வாறு மிகுத்து வைத்தோம். ஐந்து முறை கடன் நடந்தால், விளையாட்டின் முடிவில் தாயிடம் 5 விதைகள் கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

மறுநாள் வேறு முறை. ஐந்து குழந்தைகளும் முதலில் தலைக்கு 2 விதை போட்டு, 10 விதைகளைப் பொதுக் கொட்டாங்கச்சியில் வைப்பர். கடன் அதிலிருந்தே வழங்கப்படும், வட்டி முன்போன்றதே. ஐந்து கடன்களும் திரும்பிய பின் எண்ணினால் 15 விதைகள் இருக்கும். ஆளுக்கு 3 விதை. போட்டது 2, பெற்றது 3. அதே வட்டி, அதே ஐந்து விதை. நேற்று ஒருவரிடம் சென்றது இன்று ஐவரிடமும் திரும்பியது. கூட்டுறவுச் சங்கம் என்பது யாது என்று இதனினும் சுருக்கமாக விளக்குதல் அரிது. கடனைத் திருப்பாத குழந்தை ஒன்று இருப்பின், மற்ற நால்வரும் எழுப்பும் கூச்சலே தவணை தவறுதலின் பொருளையும் உணர்த்திவிடும்!

கண்ணுக்குப் புலப்படாத பணம்

2016ஆம் ஆண்டு முதல் கைப்பேசி வாயிலாகப் பணம் செலுத்தும் முறை சிற்றூர்க் கடைகள் வரை பரவிவிட்டது. முன்னர் நாணயம் கைமாறுவதைக் குழந்தை கண்டது. இன்று கைப்பேசியைக் காட்டியவுடன் பொருள் வருவதைக் காண்கின்றது. பணம் குறைவதைக் காண்பதில்லை. இதற்கும் புளியங்கொட்டையே மருந்து. வாரத் தொடக்கத்தில் கடைச் செலவுக்கென ஒதுக்கிய தொகைக்கு, 10 ரூபாய்க்கு ஒரு விதை வீதம் ஒரு கிண்ணத்தில் இடுக. கைப்பேசியில் 40 ரூபாய் கொடுத்து வந்தால், குழந்தையைக் கொண்டே 4 விதைகளை எடுத்து அப்புறப்படுத்துக. வார நடுவில் கிண்ணம் காலியாவதைக் கண்டு குழந்தையே நம்மை எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கை குழந்தையைவிடப் பெற்றோர்க்கே அதிகம் பயன்படும் என்பது நம் கருத்து.

சில குறிப்புகள்

விளையாட்டில் உண்மைப் பணத்தைப் பந்தயமாக வைத்தல் அறவே கூடாது. தோற்ற குழந்தையைப் பிறர்முன் ஏளனம் செய்யலாகாது. ஆண்பிள்ளைக்குக் கடையும் பெண்பிள்ளைக்குச் சமையலும் எனப் பிரிக்காது, இருபாலரையும் கணக்கெழுதச் செய்தல் வேண்டும். வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் போதுமானது.

பத்து வயது நிரம்பியதும் விளையாட்டிலிருந்து மெய்க்கணக்கிற்குச் செல்லலாம். அவ்வயதுடைய சிறுவர் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்க இயலும். பத்து வயதிற்கு மேற்பட்டோர் தாமே கணக்கை நடத்துவதற்கு வங்கிகள் வழிவகுக்கலாமென 2014ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கியும் இசைவளித்தது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று சொல்லிச் சொல்லியே கணக்குப் பார்ப்பதை நாம் விட்டுவிட்டோம். மிஞ்சாததன் காரணத்தை அறிவதற்கும் கணக்கே வேண்டும். நாளை நம் சங்கங்களின் பேரவையில் அமர்ந்து, "இந்த இலாபம் எங்கே சென்றது?" என்று அஞ்சாது கேட்கும் அங்கத்தினர் இன்று நம் திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். இவ்வாண்டுப் புளியை உடைக்கும்போது விதைகளை எறிந்துவிடாது, ஒரு படி எடுத்து வைப்போமாக.