கோட்டைக்குள் வந்த 80,000 கலம்

பிரஷ்யாவில் பிறந்து 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் லூத்தரன் பாதிரியார் சுவார்ட்ஸ். திருச்சிக் கோட்டையில் ஆங்கிலேயப் படைக்கு ஞானகுருவாக இருந்துவிட்டுத் தஞ்சைக்குக் குடிவந்தார்.

1780களின் தொடக்கம். ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. சுற்றுக் கிராமங்களில் நெல் இருந்தது. சுமந்து வர மாடுகள்தான் இல்லை. மாடு கொடுத்தவர்களுக்கு அரண்மனை அதிகாரிகள் முன்பு கூலி கொடுக்காமல் ஏய்த்திருந்தார்கள். பிறகு யார் கொடுப்பார்கள்? “கூலிக்கு நான் பொறுப்பு” என்று பாதிரியார் சொன்னதும், இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கலம் என்பது 12 மரக்கால். டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! சொன்னபடி கூலியும் பட்டுவாடா ஆனது.

பின்னால் மன்னராகி, சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி இவரது வளர்ப்பு. 1798இல் குரு மறைந்தபின், லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.