ஊர் எந்த மொழியில் வேலை செய்கிறது?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த மாணவர் பிளஸ் ஒன்னில் சி++ படிக்கிறார், பிளஸ் டூவில் பைத்தான் படிக்கிறார். பொறியியலில் சேர்ந்தால் மறுபடியும் பைத்தான் வருகிறது. கணினித் துறை என்றால் சி, ஜாவாவும் உண்டு. இத்தனையையும் தொட்டுவிட்டுக் கடைசி ஆண்டில் அவர் கேட்கிற கேள்வி: "வேலைக்கு எந்த லாங்குவேஜ் சார் படிக்கணும்?"

பயிற்சி நிலையங்கள் இதற்கு ஆண்டுக்கு ஒரு பதில் வைத்திருக்கின்றன. என் பதில் ஊருக்கு ஊர் மாறும். நிரல்மொழி என்பது ரசனைக்காகத் தேர்ந்தெடுப்பது அல்ல. எந்த எந்திரத்தின் மேல் ஓட வேண்டும், தவறினால் என்ன இழப்பு, முன்பே எழுதிய நிரல் எவ்வளவு கிடக்கிறது என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் ஓர் ஊரில் என்ன தொழில் நடக்கிறது என்று தெரிந்தால், அங்கே எந்த மொழிக்கு வேலை இருக்கும் என்பதைப் பெரும்பாலும் கணித்துவிடலாம்.

கணினியில் பைத்தானைத் திறந்து 0.1 + 0.2 என்று தட்டி என்டரை அழுத்திப் பாருங்கள். 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும். ஜாவாஸ்கிரிப்டும் இதையே சொல்லும். ஜாவாவில் டபுள் வகை எண்களை வைத்துக் கூட்டினாலும் இதே விடைதான். பிழை மொழியுடையது அல்ல, எண்ணைச் சேமிக்கும் முறையுடையது. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதிக்கொண்டே போகிறோம், முடிவதில்லை. கணினிக்கு இரண்டடிமானம். அங்கே பத்தில் ஒன்றுக்கு அந்தக் கதி: 0.000110011001100 என்று முடிவில்லாமல் நீள்கிறது. கணினி அதை 64 பிட்டுக்குள் அடக்க எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். வெட்டிய துணுக்குதான் பதினேழாவது தசம இடத்தில் 4 ஆக எட்டிப் பார்க்கிறது.

இவ்வளவு சிறிய துணுக்கு யாரை என்ன செய்துவிடும்? 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த இடத்தில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு, நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணி, பிறகு 0.1 ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. அந்த 0.1 வெறும் 24 பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி ஆகியிருந்தது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பேட்ரியாட் தவறான இடத்தில் தேடியது.

இனி வங்கியை நினையுங்கள். கோடிக்கணக்கான சேமிப்புக் கணக்குகள், நாள்தோறும் வட்டி, ஒவ்வொன்றும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். இதுபோன்ற வணிகக் கணக்குகளுக்காக 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய மொழி கோபால் (COBOL). அதில் ஓர் எண்ணை அறிவிக்கும்போதே, புள்ளிக்கு முன் இத்தனை இலக்கம், பின் இத்தனை இலக்கம் என்று சொல்லிவிடுகிறோம். கணக்கு பத்தடிமானத்திலேயே நடக்கும், 0.1 உடன் 0.2 சேர்ந்தால் 0.3 தான். 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் இந்தப் பத்தடிமானக் கணக்குக்கான கட்டளைகளை எந்திரத்திலேயே அமைத்தார்கள். அந்த நிறுவனத்தின் இன்றைய மெயின்பிரேம் பெருங்கணினிகளும் அந்த வம்சம்தான்.

பழைய மொழிதானே, மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் வங்கி அமைப்பை மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி ஒரு சாட்சி. 2018 ஏப்ரலில் அது பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்குத் தாவியபோது ஏறத்தாழ 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் போக முடியாமல் தவித்தார்கள். பிறகு கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். இந்திய ஐ.டி. நிறுவனங்கள் வளர்ந்ததில் இந்த மொழிக்குப் பெரிய பங்கு உண்டு. 2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கலைத் தீர்க்க வெளிநாடுகளிலிருந்து வந்த வேலையில் பெரும்பகுதி கோபால் வேலைதான். வெளிநாட்டு வங்கிகளின் அமைப்புகளைச் சென்னையிலிருந்து பராமரிக்கும் குழுக்களுக்கு மெயின்பிரேம் இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. இதற்காக எல்லோரும் கோபால் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜாவா படிக்கிறவர், பணத்தை டபுளில் வைக்கக் கூடாது, பிக்டெசிமல் வகையில்தான் வைக்க வேண்டும் என்பதையும் அதற்கான காரணத்தையும் தெரிந்துகொண்டு நேர்காணலுக்குப் போகட்டும்.

கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கதை வேறு. அங்கே நிரல் ஓடுவது மேசைக் கணினியில் அல்ல, வண்டிக்குள். கோவையின் பிரிக்கால் வண்டிகளின் டேஷ்போர்டு மானிகளைச் செய்கிறது. போஷின் மென்பொருள் பிரிவும் கோவையில் இருக்கிறது. ஓசூரில் டி.வி.எஸ். மோட்டாரும் ஏதர் மின்ஸ்கூட்டர் ஆலையும் உள்ளன. ஒரு காரில் பல பத்து சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுக் கணினிகள் உண்டு, அவற்றின் நினைவகம் மிகச் சிறியது. கல்லூரி புராஜெக்ட்டில் எல்லோரும் கையில் எடுக்கும் ஆர்டுயினோ யூனோ ஆர்3 பலகையைப் பாருங்கள். அதன் ரேம் 2 கிலோபைட், அதாவது 2,048 பைட்.

பைத்தானில் 1 என்ற ஒரே ஓர் எண், நம் 64 பிட் கணினியில் 28 பைட் பிடிக்கிறது. எண்ணின் மதிப்போடு, அது என்ன வகை, நிரலில் எத்தனை இடங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றன, எவ்வளவு நீளம் என்ற குறிப்புகளையும் பைத்தான் உடன் சுமக்கிறது. அந்தச் சுமையால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது: ஆயிரம் இலக்க எண்ணைக் கொடுத்தாலும் பைத்தான் தடுமாறாமல் பெருக்கும். ஆனால் அதே கணக்கில் யூனோவில் 73 எண்களை வைத்தாலே ரேம் நிறைந்துவிடும். அதே பலகையில் சி மொழியின் இன்ட் வகை எண்ணுக்கு 2 பைட் போதும். ஆயிரம் எண்கள் வைத்த பிறகும் கொஞ்சம் இடம் மிஞ்சும்.

இடம் மட்டுமல்ல, நேரமும் இருக்கிறது. கார் மோதினால் ஏர்பேக்கை விரிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கச் சில பத்து மில்லிநொடிகளுக்கு மேல் அவகாசம் கிடையாது. ஜாவா போன்ற மொழிகள் பயன்படாத நினைவகத்தை மீட்டெடுக்க அவ்வப்போது நிரலைச் சற்று நிறுத்தும். அந்த நிறுத்தம் எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வலைத்தளத்தில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், ஏர்பேக்கில் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே, 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியே வாகனத் துறையில் இன்றும் கோலோச்சுகிறது. வாகன மென்பொருளுக்காக 1998-இல் முதலில் வெளியான மிஸ்ரா சி விதிகள் அந்த மொழியையும் கட்டிப்போடுகின்றன: நிரல் ஓடும்போது புதிதாக நினைவகம் கேட்டுப் பெறக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கோவைக்காரரோ ஓசூர்க்காரரோ என்னிடம் கேட்டால், சி-யை ஆழமாகப் படியுங்கள், பாயின்டரைக் கண்டு பயந்து தாண்டிப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சென்னைக்குத் திரும்பினால், பழைய மகாபலிபுரம் சாலையின் நிறுவனங்களில் ஜாவா எங்கும் தென்படும். 1995-இல் வெளிவந்த அந்த மொழியின் நிரல் எந்தக் குறிப்பிட்ட எந்திரத்துக்கும் நேராக மாற்றப்படுவதில்லை. பைட்கோடு என்ற இடைநிலை வடிவமாகிறது, ஒவ்வொரு எந்திரத்திலும் உள்ள ஜாவா மெய்நிகர் எந்திரம் அதை ஓட்டுகிறது. நூறு வாடிக்கையாளர் நூறு விதச் சர்வர் வைத்திருந்தாலும் ஒரே நிரல் போதும் என்பதால் சர்வீஸ் கம்பெனிகளுக்கு இது வசதி.

ஒரு நிறுவனம் தொடங்கும்போது எடுக்கும் முடிவும் பல ஆண்டுகள் பேசும். 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ரூபி ஆன் ரெயில்ஸில் கட்டப்பட்டது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலிடும் அளவுக்கு வளர்ந்தது. ஜோஹோ ஒரு படி மேலே போய் டெலூஜ் என்று சொந்தமாகவே ஒரு மொழி வைத்திருக்கிறது. அது இணையத்தில் தொழில் செயலிகள் கட்டுவதற்கானது. தமிழ்நாட்டில் வளர்ந்த நிறுவனம் ஒன்றின் நிரல்மொழியில் உலகின் பல மூலைகளில் ஆட்கள் நிரல் எழுதுகிறார்கள் என்பது எனக்கு இப்போதும் வியப்புதான்.

இவை எல்லாவற்றையும் குறுக்காக வெட்டிச் செல்லும் ஒன்று, தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். 1974-இல் ஐ.பி.எம்.மின் சேம்பர்லினும் பாய்ஸும் வெளியிட்ட யோசனையிலிருந்து வந்தது. 'மதுரையில் உள்ள, ஐயாயிரத்துக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் வேண்டும்' என்று மட்டும் நாம் சொல்கிறோம். எந்த வரிசையில் தேடுவது, எந்த இன்டெக்ஸைப் பயன்படுத்துவது என்பதைத் தரவுத்தளமே முடிவு செய்துகொள்கிறது. ஐம்பது ஆண்டாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. சென்னை, கோவை என்ற பேதம் இதற்குக் கிடையாது. வணிக மென்பொருள் பக்கம் போகிற யாரும் இதைத் தவிர்க்க முடியாது. பைத்தானை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. தரவு வேலைக்கும் இயந்திரக் கற்றலுக்கும் அதுதான் நேர்வழி, பள்ளியிலேயே அறிமுகமும் ஆகிவிட்டது. ஆனால் பைத்தான் மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், அதோடு இன்னொன்றை ஆழமாக வைத்திருப்பவர்கள் குறைவு.

இப்போது ஏ.ஐ. கேட்டவுடன் நிரல் எழுதித் தருகிறது. அது எழுதிய வட்டிக் கணக்கில் டபுள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குத்தான் சம்பளம்.

ஆகவே கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். நீங்கள் தினம் போய்வரக் கூடிய தூரத்தில் உள்ள நிறுவனங்களின் புதியவர்களுக்கான விளம்பரங்களில் முப்பதை எடுத்து, எந்த மொழி எத்தனை முறை வருகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். அந்த நிறுவனங்களில் வேலை பார்க்கும் உங்கள் கல்லூரி சீனியர் இருவரிடம், விளம்பரத்தில் போட்டது இருக்கட்டும், நேற்று ஆபீஸில் எந்த மொழியில் எழுதினீர்கள் என்று கேளுங்கள். தாளிலும் அவர்கள் வாயிலும் பொதுவாக வருகிற மொழியை எடுத்துக்கொண்டு, எஸ்.க்யூ.எல்.லைச் சேர்த்து, ஆறு மாதம் வேறு எந்த மொழியையும் தொடாமல் படியுங்கள்.