இலை ஊதும் இயந்திரத்துக்குத் தடை: சுமை யாருக்கு?

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்ட் நகர சபை, பெற்றோலில் இயங்கும் இலை ஊதும் இயந்திரங்களைப் படிப்படியாகத் தடை செய்யும் சட்டத்தை 2024 மார்ச்சில் நிறைவேற்றியது. ஈர இலைகள் குவியும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாதங்களுக்கு மட்டும் 2027 இறுதிவரை விலக்கு உண்டு. சருகு ஒதுக்கும் கருவிக்குச் சட்டம் எதற்கு என வாசகர்கள் வியக்கக்கூடும்.

விடயம் எஞ்சினில் இருக்கிறது. நம் நாட்டின் பழைய முச்சக்கர வண்டிகளில் இருந்த 'டூ ஸ்ட்ரோக்' எஞ்சின்தான் இவற்றிற் பெரும்பாலானவற்றிலும் உள்ளது. எண்ணெய் கலந்த பெற்றோல் அதனுள் முழுமையாக எரிவதில்லை. ஒரு பகுதி எரியாமலே புகையுடன் வெளியேறுகிறது. இவ்வியந்திரத்தை ஒரு மணிநேரம் இயக்கினால் உண்டாகும் புகைமூட்ட மாசு, நவீன கார் ஒன்றை ஏறக்குறைய 1,770 கிலோமீற்றர் ஓட்டுவதற்குச் சமம் என்கிறது கலிபோர்னியாவின் வளிமாசுக் கட்டுப்பாட்டுச் சபை. அப்புகையை முதலிற் சுவாசிப்பவர், இயந்திரத்தை முதுகிற் சுமக்கும் தொழிலாளியே.

ஆயினும் தடையை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவர்களும் அத்தொழிலாளர்களே. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் குடியிருப்புப் பகுதிகளில் இவற்றைத் தடை செய்தபோது, 1998 ஜனவரியில், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான வீட்டுத்தோட்டப் பராமரிப்பாளர்கள் நகர மண்டபத்தின் முன் அமர்ந்தனர். தும்புத்தடியால் கூட்டினால் ஒரு நாளில் முடிக்கும் வீடுகள் குறையும், வருமானமும் குறையும். வீட்டுக்காரர் கூடுதலாகக் கொடுப்பாரா என்பது வேறு கதை.

இன்று மின்கலத்தில் இயங்கும் இயந்திரங்கள் வந்துள்ளன. ஆனால் நாள் முழுவதும் வேலை செய்ய மேலதிக மின்கலங்கள் பல வேண்டும். தடை நியாயமானதே என்பது எமது நிலைப்பாடு; அதன் செலவைக் கூலியாளின் தலையிற் கட்டுவதை நாம் ஏற்கவில்லை. கலிபோர்னியா 2021 இல் புதிய பெற்றோல் இயந்திரங்களின் விற்பனையைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியபோது, சிறு தொழில் செய்வோர் மாற்றுக் கருவி வாங்க 3 கோடி டொலரையும் ஒதுக்கியது.