உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் புளிப்புக்கு விலக்கு ஏழே நாள்!

பஸ்காவையொட்டி ஏழு நாள் வீட்டில் புளித்த மாவே இருக்கக் கூடாது என்ற அதே நியாயப்பிரமாணம், பெந்தெகொஸ்தே நாளில் புளிப்பேற்றிச் சுட்ட இரண்டு அப்பங்களைக் காணிக்கையாகக் கேட்கிறது (லேவியராகமம் 23:17). ஆகவே புளிப்பே பாவம் என்பது சரியல்ல. சொன்ன நாளில் விலக்குவதுதான் கீழ்ப்படிதல். “இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு அவசரமாகக் கிளம்பியதால் மாவு புளிக்கவில்லை, அவ்வளவுதானே?” என்று கேட்கலாம். யாத்திராகமம் 12-ஐப் புரட்டுங்கள்: கட்டளை 8, 15-ஆம் வசனங்களிலேயே வந்துவிடுகிறது, பிசைந்த மாவைப் பாத்திரத்தோடு துணியில் கட்டித் தோளில் சுமந்தது 34-இல்தான். பவுல் புளிப்பைத் தீமைக்கு உவமையாக்கினார், உண்மை. ஆனால் பழைய புளித்த மாவைக் களையச் சொல்ல அவர் காட்டும் காரணம், விசுவாசிகள் ஏற்கெனவே புளிப்பில்லாதவர்கள் என்பதே (1 கொரிந்தியர் 5:7). மீட்பு முந்தியது, கீழ்ப்படிதல் அதன் கனி. இயேசுவோ பரலோக ராஜ்யத்தையே புளித்த மாவுக்கு ஒப்பிட்டார் (மத்தேயு 13:33).