மண்ணுளிப் பாம்பு: பிடித்தால் வழக்கு, விட்டால் எலிக்கட்டுப்பாடு

ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் பகுதிகளில் மணற்பாங்கான நிலத்தில் நிலக்கடலை பிடுங்கும்போதோ வரப்பு வெட்டும்போதோ, தடித்த செம்பழுப்புப் பாம்பு ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படுவதுண்டு. சிலர் பயந்து அடித்துவிடுகிறார்கள். சிலர் ‘பல லட்சம் பெறும்’ என்று கோணியில் கட்டி வைக்கிறார்கள். இரண்டிலும் நட்டம் விவசாயிக்குத்தான்.

அடையாளம்

மண்ணுளிப் பாம்புக்கு நஞ்சு இல்லை. பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று அடி நீளம் இருக்கும். ஆப்பு போன்ற மூக்கு நுனியால் மண்ணைத் தள்ளிப் புதைந்துகொள்ளும். வால் மழுங்கலாக, தலை போலவே தெரியும். ஆபத்து வந்தால் தலையை உடலுக்கடியில் மறைத்து வாலைத் தூக்கிக் காட்டும். ‘இருதலைப் பாம்பு’ என்ற பெயர் இதனால் வந்ததே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலை மாறும் என்பது கதை. இது நக்கினால் தொழுநோய் வரும் என்பதும் தவறு. அந்நோய் பாக்டீரியாவால் வருவது.

ஓர் எச்சரிக்கை: இதே வகையில் உடலில் திட்டுகள் கொண்ட இன்னோர் இனம் உண்டு. பார்வைக்கு அது கொடிய நஞ்சுள்ள கண்ணாடி விரியனைப் போலவே இருக்கும். எனவே ‘மண்ணுளிதான்’ என்று நினைத்து எந்தப் பாம்பையும் கையால் தொடக்கூடாது.

வயலில் இதன் வேலை

பகலில் மண்ணுக்குள் கிடந்து, இரவில் இரை தேடும். முக்கிய உணவு எலி. இரையை உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். எலி வளைக்குள்ளேயே நுழையக்கூடியது என்பதால், நம் கைக்கும் கிட்டிக்கும் எட்டாத இடத்தில் இது வேலை செய்கிறது. இப்பாம்பு முட்டையிடாது, குட்டி ஈனும். ஓர் ஈற்றில் சில குட்டிகளே பிறப்பதால், பெரிய பாம்புகளைப் பிடித்துவிட்டால் எண்ணிக்கை எளிதில் மீளாது.

பிடித்து வைத்தால்

மருந்து, அதிர்ஷ்டம், புதையல் என்று சொல்லி இதை விற்கும் கும்பல்கள் உள்ளன. எந்த மருத்துவக் குணமும் இதற்கு நிரூபிக்கப்படவில்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி இதைப் பிடிப்பதும், வீட்டில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. அமெரிக்காவின் பன்றிமூக்குப் பாம்பைச் செல்லப்பிராணியாக வளர்க்கும் காணொளிகளைப் பார்த்து, நம் மண்ணின் பாம்பையும் அப்படி வளர்க்கலாம் என எண்ண வேண்டாம்.

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நஞ்சுமுறிவு மருந்து தயாரிக்க, அரசு அனுமதியுடன் நச்சுப்பாம்புகளைச் சில வாரங்கள் பானைகளில் வைத்து நஞ்செடுக்கிறார்கள். பிறகு அவர்களும் அவற்றைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. வயலில் மண்ணுளியைக் கண்டால் வேலையைச் சற்று நிறுத்துங்கள்; தானே மண்ணுக்குள் போய்விடும்.

2. வீடு, கொட்டகைக்குள் வந்தால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தெரிவியுங்கள்.

3. எலிக்கு நஞ்சு வைப்பதைக் குறைத்து, தஞ்சாவூர் கிட்டி, ஆந்தை அமரும் குச்சிகளைப் பயன்படுத்துங்கள். நஞ்சு தின்ற எலியை உண்ணும் ஆந்தையும் பாம்பும் பாதிக்கப்படலாம்.

4. எந்தப் பாம்பு கடித்தாலும் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. ‘பாம்பு இருந்தால் சொல்லுங்கள், முன்பணம் தருகிறோம்’ என்று வருபவர்களைப் பற்றி வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

மண்ணுளி விற்று யாரும் பணக்காரர் ஆனதில்லை. வயலில் விட்டு வைத்தால், எலி தின்னும் கடலையில் கொஞ்சமாவது வீட்டுக்கு வரும்.