தேயிலையில் யாரோடு யாருக்குப் போட்டி?

மீரியபெத்த என்ற பெயரை வெளியுலகம் அறிந்தது 2014 அக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவால்தான். தேயிலைப் பொட்டலத்தால் அல்ல. கொஸ்லாந்தைப் பக்கத்து அந்த மலையிலும் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். தோட்டத்தின் பெயர் குடிப்பவரிடம் ஏன் போய்ச் சேர்வதில்லை? தேயிலைப் போட்டி எங்கே நடக்கிறது என்று பார்த்தால் புரியும்.

முதல் களம் 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்து, காயவைத்து, சலித்துத் தரம் பிரித்த தூளைக் கம்பனி தரகரிடம் ஒப்படைக்கும். தரகர் முன்கூட்டியே மாதிரி அனுப்புவார். ஏற்றுமதிக்காரர்கள் ருசி பார்த்து, இதற்கு இவ்வளவு என்று மனதில் குறித்துக்கொள்வார்கள். ஏலத்தில் கூடுதலாகக் கேட்டவருக்குத் தூள். 2020 முதல் எல்லாம் கணினித் திரையில்தான். இங்கே ஒவ்வொரு ஸ்டோருக்கும் ஒரு மார்க், அதாவது விற்பனைப் பெயர், உண்டு, அதற்கென்று மதிப்பும் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது ஊவா மலைத் தூளுக்குத் தனி வாசம் ஏறும். அதற்காகவே காத்திருந்து கூட விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏலத்துக்கு வரும் தேயிலையில் பெரிய கம்பனிகள் கையில்தான் பெரும் பங்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 1992இல் அரசு தோட்ட நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது உண்மை. ஆனால் இன்று நாட்டுத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து.

இரண்டாவது களம், ஏலத்தில் வாங்கிய தூள் பொட்டலமாகி வந்து சேரும் கடைத் தட்டு. அங்கே மோதுவது தோட்டங்கள் அல்ல, பொட்டலப் பெயர்கள். பெயரை வைத்து விற்கும் வித்தையை நன்றாக அறிந்தவர் மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன். 1890இல் இலங்கை வந்து ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார். தூளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தன் பெயரில், தன் கடைகளில் விற்றார். அந்தப் பெயரையும் உள்ளடக்கிய தேயிலை வியாபாரத்தை யூனிலீவர் 2022இல் 450 கோடி யூரோவுக்குக் கைமாற்றியது. மெரில் பெர்னாண்டோவின் டில்மா லிப்டனுக்கு எதிர்வழி: இலங்கையிலேயே பொட்டலம் கட்டி, இலங்கைப் பெயரிலேயே வெளிநாட்டுக் கடைகளில் இடம் பிடித்தது.

நாடுகளுக்கு இடையிலும் போட்டி உண்டு. அதில் சந்தைப் பங்கு என்று யாராவது சொன்னால், கிலோக் கணக்கா காசுக் கணக்கா என்று கேளுங்கள். 2023இல் கென்யாவின் உற்பத்தி இலங்கையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் கிலோவுக்குக் கிடைக்கும் விலை மொம்பாசா ஏலத்தைவிடக் கொழும்பில் அதிகம்.

ஏல விலை ஏறினால் தோட்டத் தொழிலாளியின் பேர் காசும், அதாவது நாட்கூலியும், தானாக ஏறும் என்று எண்ண வேண்டாம். 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம், 2024இல் 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளம் என்று முடிவானது ஏலத்தில் அல்ல; சம்பளச் சபையிலும் வர்த்தமானியிலும்.

கடையில் பொட்டலத்தை எடுத்தால் வாளேந்திய சிங்க முத்திரையைத் தேடுங்கள். முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே கட்டியது என்பதற்கு அது அடையாளம். தோட்டத்தின் பெயரும் அச்சிட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தையே வாங்குங்கள்.